களியும் எண்ணெயும் உடம்பில் எங்கே போய்ச் சேர்கின்றன? உங்கள் இருப்பை நீங்களே கணக்கிடும் முறை

சனிக்கிழமை காலை எடை பார்க்கிறீர்கள்: 62 கிலோ. களியையும் சோற்றையும் நிறுத்திவிட்டு ஒரு வாரம் முட்டை, சுண்டல், கீரை என்று ஓட்டுகிறீர்கள். அடுத்த சனிக்கிழமை 60 கிலோ. அதற்கு மறுநாள் ஊரில் ஒரு காதுகுத்து. இரண்டு வேளை பந்தியில் உட்கார்ந்து எழுந்தபின், திங்கட்கிழமை எடை மெஷின் 61.5 காட்டுகிறது. ஒரு வாரப் பாடு ஒரே நாளில் போய்விட்டதே என்று பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

போன 2 கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். திரும்பி வந்த ஒன்றரைக் கிலோவில் கொழுப்பு அதைவிடக் கொஞ்சம். போனதும் வந்ததும் பெரும்பாலும் தண்ணீர். இது ஏன் என்று புரிந்துவிட்டால், எடை குறைக்க நினைப்பவர், சர்க்கரை நோயாளி, போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன், ஓசூரில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஆகிய எல்லோருக்கும் பாதிக் குழப்பம் தீரும். தேவையானவை: ஒரு எடை மெஷின், ஒரு தையல் டேப், ஒரு நோட்டு.

(இங்கே கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோகலோரிதான். உணவுப் பாக்கெட்டுகளில் கணக்கிடுவதும் அதைத்தான்.)

இருப்பு எங்கெங்கே, எவ்வளவு

முதலில் ரத்தம். 5 லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 4, 5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை அளவு. மூளை மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. இந்த ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே பின்னாலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு இருப்பு வேண்டும்.

அந்த இருப்பு கிளைக்கோஜன். குளுக்கோஸ் துணுக்குகளை ஆயிரக்கணக்கில் கோத்து, கிளைகிளையாக விட்டுக் கட்டிய மூலக்கூறு. 1857இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் க்ளோட் பெர்னார் இதைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார். கிளைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கிளையின் நுனியிலிருந்தும் ஒரே நேரத்தில் குளுக்கோஸை உதிர்க்கலாம். புளியமரத்தை உலுக்குவதுபோல எல்லாக் கிளையிலிருந்தும் ஒன்றாகக் கொட்டும். அவசரத்துக்கு மிக வேகமாகக் கைகொடுக்கும் இருப்பு இது.

கிளைக்கோஜன் இரண்டு இடத்தில் இருக்கிறது. கல்லீரலில் 80 முதல் 100 கிராம். தசைகளில், ஆளின் தசை அளவைப் பொறுத்து, 300 முதல் 500 கிராம். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் வேலை வேறு. கல்லீரலின் இருப்பு ஊர்ப்பொதுக் கிணறு: ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் உடனே விடுவிக்கும். தசையின் இருப்பு சொந்தத் தோட்டத்துக் கிணறு: அந்தத் தசை மட்டுமே பயன்படுத்தும். குளுக்கோஸை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பத் தேவையான நொதி தசையில் கிடையாது. தொடையில் நிறைய கிளைக்கோஜன் இருக்கும்போதே ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கித் தலைசுற்றுவது இதனால்தான்.

இனி தண்ணீர்க் கணக்கு. 1 கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். 500 கிராம் கிளைக்கோஜன் என்றால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்; ஆக மொத்தம் 2 கிலோ. மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்டை) நிறுத்திய முதல் வாரத்தில் இறங்குவது பெரும்பாலும் இதுதான். பந்தியில் 250 கிராம் மாவுச்சத்து உள்ளே போய் இருப்பில் சேர்ந்தால் 1 கிலோ ஏறும். ஊறுகாய், அப்பளம், குழம்பு உப்பு பிடித்துவைக்கும் நீர் அதற்கு மேல்.

அடுத்தது கொழுப்பு. 1 கிராம் கொழுப்பில் 9 கலோரி. 1 கிராம் மாவுச்சத்தில் 4. கொழுப்பு தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாது. இந்த இரண்டு காரணமும் சேர்ந்து எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் 11.7 கிலோ கொழுப்பு இருக்கிறது என்று வையுங்கள். அதில் இருப்பது சுமார் 1,05,000 கலோரி. அதையே கிளைக்கோஜனாக வைத்திருந்தால் 26 கிலோ கிளைக்கோஜனும் 79 கிலோ தண்ணீரும் வேண்டும். அவர் எடை 150 கிலோவைத் தாண்டியிருக்கும். நடமாட வேண்டிய உயிருக்குக் கொழுப்புதான் சரியான குதிர்.

குதிர் பெரிது, ஆனால் அதன் வாய் சிறியது. அதை அடுத்து வரும் பகுதிகளில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குதிரில் எவ்வளவு என்று கணக்கிடும் முறை

1. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, ஒன்றும் குடிக்காமல் எடை பாருங்கள். உயரத்தை மீட்டரில் எழுதுங்கள்.

2. எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடல் நிறைக் குறியீடு. 60 கிலோ, 1.65 மீட்டர் என்றால் 60 ÷ 1.65 ÷ 1.65 = 22.

3. குறியீட்டை 1.2ஆல் பெருக்குங்கள். வயதை 0.23ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 5.4ஐக் கழியுங்கள். ஆணாக இருந்தால் இன்னும் 10.8 கழியுங்கள். கிடைப்பது கொழுப்பின் சதவீதம்.

நாற்பது வயது ஆண், குறியீடு 22: 26.4 + 9.2 − 5.4 − 10.8 = 19.4 சதவீதம். 60 கிலோவில் ஏறக்குறைய 11.7 கிலோ. நாற்பத்தைந்து வயதுப் பெண், 50 கிலோ, 1.52 மீட்டர்: குறியீடு 21.6, கொழுப்பு 31 சதவீதத்தை ஒட்டி வரும், அதாவது 15 கிலோவுக்குச் சற்று மேல். பார்ப்பதற்கு ஒல்லியாக இருக்கும் பெண்ணுக்கே ஆணைவிடக் கூடுதல் இருப்பு. பெண்ணுடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது. தாய்ப்பால் ஊட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதில் ஒரு பங்கு இந்த இருப்பிலிருந்து போகிறது. ஆகவே பெண்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தச் சூத்திரம் பொதுவானது. நம் மக்களுக்கு இது கொஞ்சம் குறைவாகவே காட்டும்; அதே குறியீட்டில் ஐரோப்பியரைவிட நமக்குக் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம். அதனால்தான் நமக்கு 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று எல்லை வைத்திருக்கிறார்கள்.

4. டேப்பை எடுங்கள். இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணி இல்லாமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் சுற்றளவு எடுங்கள். வேட்டியோ பேன்ட்டோ கட்டும் இடத்தில் எடுத்தால் பலருக்கு 5, 6 செ.மீ. குறைவாக வரும், ஏனென்றால் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

இடுப்புச் சுற்றளவு ஏன் எடையைவிட முக்கியம்? தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. குடலைச் சுற்றித் தங்கும் கொழுப்பிலிருந்து வடியும் கொழுப்பமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்புக் கல்லீரல். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளி, எடை 62தான் என்று நிம்மதியாக இருக்கும் ஆண்கள் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்றால் எத்தனையோ பேர் கண்ணில் படுவார்கள். முதலில் டேப் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஒரு வேளைக் களி என்னவாகிறது

100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களி, கீரைக் கடைசல், தாளிப்பில் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். மாவில் சுமார் 320 கலோரி, மாவுச்சத்து 70 கிராம், புரதம் 7 கிராம். எண்ணெயில் 120 கலோரி.

களியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்துக்கு வருகிறது. ரத்தத்தில் 5 கிராமுக்குத்தான் இடம் என்று பார்த்தோம், வருவது 70. கணையம் இன்சுலினை விடுகிறது. இன்சுலின் தசைக்கும் கொழுப்பணுவுக்கும் கதவைத் திறக்கிறது. கல்லீரலைக் கிளைக்கோஜன் கட்டச் சொல்கிறது. வந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கல்லீரலுக்கு, மீதியில் பெரும்பகுதி தசைக்கு. மூளை தன் பங்கை இன்சுலினைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

இன்சுலின் இன்னொன்றும் செய்கிறது: கொழுப்பணுக்களிலிருந்து கொழுப்பு வெளியே போகாமல் பூட்டுகிறது. சாப்பிட்ட சில மணி நேரம் உடம்பு மாவுச்சத்தையே எரிக்கிறது. அந்த நேரத்தில் எண்ணெய் எங்கே போகும்? அது கல்லீரல் பக்கம் முதலில் போவதில்லை. குடலில் சிறுசிறு கொழுப்புத் துளிகளாகி, நிணநீர்க் குழாய் வழியாக ரத்தத்தில் கலந்து, கொழுப்பணுக்களின் வாசலில் இறங்குகிறது. சேமித்துவைக்க உடம்புக்கு ஆகும் செலவு நூற்றுக்கு 3 அளவுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். “களி சாப்பிட்டால் அது அப்படியே கொழுப்பாகிவிடும்” என்கிறார்கள். சாதாரண அளவில் மாவுச்சத்திலிருந்து கொழுப்பு தயாரிப்பது மிகக் குறைவு. அப்படித் தயாரித்தால் நூற்றுக்கு 25 வரை சக்தி அந்த வேலையிலேயே போய்விடும். மாவுச்சத்து கொழுப்பைக் கூட்டுவது வேறு வழியில்: தான் எரிந்து, எண்ணெயை எரியவிடாமல் குதிருக்கு அனுப்புகிறது. அதிகமான களியும் அதிகமான எண்ணெயும் சேரும்போதுதான் குதிர் வேகமாக நிரம்பும். களியோடு கீரை என்றால் ஒரு கணக்கு. பரோட்டாவும் சால்னாவும் என்றால் முற்றிலும் வேறு கணக்கு.

அதே நேரத்தில் கேழ்வரகு என்பதாலேயே அளவில்லாமல் சாப்பிடலாம் என்பதும் தவறு. நார்ச்சத்தும், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு கால்சியமும் அதில் இருப்பது உண்மை. ஆனால் மாவுச்சத்து கிட்டத்தட்ட அரிசி அளவுதான். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சியும், சர்க்கரை போட்ட ராகி மால்ட்டும் சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் வேகமாக ஏறும். கெட்டியான களியாக, கீரை, கொள்ளு, அவரைக்கொட்டைக் குழம்போடு சாப்பிடும்போது ஏற்றம் மெதுவாகும். சாமைச் சோற்றுக்கும் இதே விதிதான்.

மாம்பழ நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லோரும் கேட்பது: எத்தனை சாப்பிடலாம்? 100 கிராம் சதையில் சுமார் 60 கலோரி, 15 கிராம் அளவு மாவுச்சத்து, அதில் பெரும்பகுதி சர்க்கரை. ஒரு பெரிய பெங்களூராவில் 300 கிராம் சதை தேறும். அப்படியானால் 180 கலோரி. களி 50 கிராம் மாவு அளவு குறைத்துக்கொண்டு ஒரு பழம் சாப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகும். மாம்பழக் கூழிலிருந்து தயாரித்துச் சர்க்கரை கலந்து விற்கும் பானம் வேறு விஷயம். 250 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, நார் கிடையாது, ஒரு நிமிடத்தில் குடித்துவிடலாம். அதிலுள்ள ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையைக் கையாள்வது பெரும்பாலும் கல்லீரல்தான்; தினமும் குடித்தால் அது அங்கேயே கொழுப்பாகத் தங்கும்.

இருப்பு எப்போது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது

60 கிலோ ஆளின் உடம்பு சும்மா படுத்திருந்தாலே மணிக்கு 60 கலோரி செலவழிக்கும். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர் காலை 6 மணிக்கு எழும்போது கல்லீரல் கிளைக்கோஜன் பாதியளவு தீர்ந்திருக்கும். குளுக்ககான் என்ற ஹார்மோன் அதைத் திறந்துவிட்டபடி இருக்கிறது. ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் கல்லீரல் ஏறக்குறைய காலி. தூங்கும் நேரத்திலும் மணிக்கு 3, 4 கிராம் கொழுப்பு எரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நடை, வேலை என்று வரும்போது எந்த இருப்பு இறங்குகிறது என்பதை மூச்சே சொல்லும். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் கொழுப்பு தாராளமாக எரிகிறது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் பாதிக்குமேல் கிளைக்கோஜன். பேசவே முடியவில்லை என்றால் கிட்டத்தட்ட முழுவதும் கிளைக்கோஜன். கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். அதிகபட்சம் பெரும்பாலானோருக்கு மணிக்கு 20 முதல் 35 கிராம்தான் எரிக்க முடியும். குதிரின் வாய் சிறியது என்றது இதைத்தான்.

நோட்டில் எழுதிக்கொள்ள இரண்டு அளவு:

சமதளத்தில் நடை: எடை கிலோவில் × கிலோமீட்டர் × 0.5. 60 கிலோ ஆள் 4 கி.மீ. நடந்தால் 120 கலோரி கூடுதல் செலவு. ஓட்டம் என்றால் பாதியாக்காமல் 1ஆல் பெருக்குங்கள்.

மேடு ஏறுதல்: அதே ஆளுக்கு ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 55, 60 கலோரி. தீர்த்தமலைப் படிகளில் ஏறும்போது தொடை பற்றி எரிவது தொடைத் தசை தன் கிளைக்கோஜனை வேகமாகத் தீர்ப்பதால் உண்டாவது. நின்று மூச்சு வாங்கி, பேசக்கூடிய வேகத்தில் ஏறினால் அதே இருப்பு இரண்டு மடங்கு நேரம் வரும். காலையில் வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்கள் ஒரு டம்ளர் கூழோ இரண்டு வாழைப்பழமோ எடுத்துக்கொண்டு ஏறுவது நல்லது. இரவில் பாதி தீர்ந்த கல்லீரலுக்கு அது போதும்.

எரிந்த கொழுப்பு எப்படி வெளியேறுகிறது? வியர்வையில் என்று நினைத்துப் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோதான் நீராகிறது. உறை கட்டி ஓடினால் போவது தண்ணீரும் உப்பும். சித்திரை வெயிலில் அது ஆபத்து. வயிற்றுக்கான பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதும் இல்லை. எந்தக் கொழுப்பணு முதலில் திறக்கும் என்பதை ரத்தத்தில் வரும் ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. அடிவயிற்றுத் தசைக்கு அதில் பங்கில்லை.

மாதம் ஒரு கிலோ: செய்முறை

கொழுப்புத் திசு 1 கிலோவில் நீரும் அணுவின் மற்ற பாகங்களும் கழிந்தால் சுமார் 7,700 கலோரி. நாளுக்கு 300 கலோரி குறைத்தால் மாதம் 9,000. ஆகக் கணக்குப்படி 1 கிலோவுக்குச் சற்று மேல். வாரம் 4 கிலோ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் போக வேண்டாம். இந்த 300ஐ வீட்டுக்குள்ளேயே தேடலாம்.

முதலில் எண்ணெய். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். நான்கு பேருக்கு மாதம் 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், 275 கலோரி எண்ணெயில் மட்டும். அதை 2 லிட்டருக்கு இறக்கினால் ஆளுக்கு 135 கலோரிக்கு மேல் குறைகிறது. பாட்டிலிலிருந்து நேரே ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றுவதே இதற்கு வழி. கண் அளவு எப்போதும் கூடுதலாகத்தான் ஊற்றும்.

அடுத்தது டீ. ஒரு டீக்கு 2 தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 40 கலோரி. நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடித்தால் 80. மீதி 85, 90க்கு 3 கி.மீ. நடை போதும்.

அந்த நடையைச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே கதவைத் திறந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாடு முடிந்து 10, 15 நிமிடம் தெருவில் நடப்பது, சர்க்கரை நோயாளிக்குக் காலையில் ஒரு மணி நேரம் நடப்பதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று. இதோடு வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் வேலை: தண்ணீர் நிரம்பிய குடத்தைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, 12 முறை வீதம் மூன்று சுற்று. தசை கூடினால் கிளைக்கோஜனுக்கு இடம் கூடும். சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் தேங்காமல் இறங்க நாமே கட்டிக்கொள்ளக்கூடிய பெரிய பானை தசைதான். ஐம்பது வயதுக்கு மேல் இதை விட்டுவிடவே கூடாது.

பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பதில் என்ன தவறு? கொழுப்பமிலத்திலிருந்து குளுக்கோஸ் செய்ய நம் உடம்பால் முடியாது. கல்லீரல் காலியான பிறகும் மூளை குளுக்கோஸ் கேட்கும். கல்லீரல் தசைப் புரதத்தை உடைத்து அதைத் தயாரிக்கும். பல நாள் நீடித்தால், கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன்களைக் கொண்டு மூளை ஓரளவு சமாளிக்கும். அதற்குள் தசை இளைத்துவிடும். மீண்டும் சாப்பிடத் தொடங்கும்போது கொழுப்பு திரும்பி வரும், தசை அவ்வளவு எளிதில் வராது. ஆகவே வேளைக்கு ஒரு புரதம் கட்டாயம்: கொள்ளு, துவரை, முட்டை, தயிர், மீன், எது வசதியோ அது.

எடையை வாரம் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் எழுதுங்கள். நான்கு வாரச் சராசரியை முந்தைய நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்; தண்ணீர் ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும். இடுப்பை மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். மூன்றாம், நான்காம் மாதத்தில் இறக்கம் மெதுவாகும். எடை குறைந்த உடம்பு குறைவாகச் செலவழிக்கும் என்பதால் அது இயல்பு. இன்னொன்று: கொழுப்பணுக்கள் சுருங்குமே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. இறக்கிய எடையைத் தக்கவைக்கவும் அதே எண்ணெய்க் கரண்டியும் அதே நடையும் தொடர வேண்டும்.

போலீஸ் தேர்வு, இரவு ஷிப்ட்

மைதானத்தில் 1500 மீட்டர் ஓடிப் பழகும் இளைஞர்கள் ஓட்டத்துக்கு முன் குளுக்கோஸ் பொடி கரைத்துக் குடிப்பது வழக்கமாகிவிட்டது. 60 கிலோ ஆளுக்கு 1500 மீட்டருக்கு ஆகும் செலவு 90 கலோரி. கிளைக்கோஜனில் 20 கிராம் சொச்சம். தசையில் 300 கிராமுக்கு மேல் இருக்கிறது. பொடியால் வேகம் கூடாது, வயிறு குலுங்கும். முந்தைய நாள் இரவு வயிறாரச் சோறோ களியோ சாப்பிட்டு, ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் இட்லி போல இலகுவாகச் சாப்பிடுவதே போதுமானது. மாறாக, தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி எடுப்பவர் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. கிலோ எடைக்கு 5 முதல் 7 கிராம் வேண்டும். 60 கிலோவுக்கு 300 முதல் 420 கிராம். தீர்ந்த தசை முழுதாக நிரம்ப ஒரு நாள் ஆகும். முதல் இரண்டு மணி நேரத்தில் நிரம்பும் வேகம் அதிகம். காலைப் பயிற்சி முடிந்து மதியம் வரை டீயில் ஓட்டினால் மாலைப் பயிற்சியில் கால் கல்லாகக் கனக்கும்.

ஓசூரில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு: அதே அளவு சோற்றைப் பகலில் சாப்பிடுவதைவிட நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும், உடம்பின் கடிகாரம் இன்சுலின் வேலையை இரவில் மந்தமாக்குகிறது. முழுச் சாப்பாட்டை ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் 8 மணி வாக்கில் முடியுங்கள். இடையில் பசித்தால் சுண்டல், வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மோர். வேர்க்கடலை 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஆகவே ஒரு கைப்பிடிதான், பொட்டலம் முழுவதும் வேண்டாம். காலை வீடு திரும்பியதும் இலகுவாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

இன்சுலின் ஊசி போடுபவர், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாத்திரை எடுப்பவர் வெறும் வயிற்றில் களை எடுக்கவோ மலை ஏறவோ போகக் கூடாது. மருந்து குளுக்கோஸைக் கீழே இறக்கியபடி இருக்கும். கல்லீரல் பாதி காலி. தசை வேறு இழுக்கும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் வந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். அது 15 கிராம். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை மெஷினில் பார்த்து, ஏறவில்லை என்றால் அதே அளவு மீண்டும். ஏறியபின் கூழோ இட்லியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். விரதம் இருப்பதாகவோ மாவுச்சத்தைக் குறைப்பதாகவோ முடிவு செய்தால் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிய பிறகே தொடங்குங்கள்.

இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், அவர்களில் பிள்ளைகள் பலர், ஊசியை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பூட்டுப்போட இன்சுலின் இல்லாவிட்டால் கொழுப்பு கட்டுப்பாடின்றிக் கரைந்து கீட்டோன் அமிலமாகி ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு, பழ வாசனை இருந்தால் அது வயிற்றுக் கோளாறு என்று கைவைத்தியம் பார்க்காமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நாள் முழுவதும் வேலை செய்துவிட்டுச் சாப்பிடாமல் மது குடிப்பவருக்கும் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் அபாயம் உண்டு. கிளைக்கோஜன் தீர்ந்த நிலையில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தாக வேண்டும். மது அந்தத் தயாரிப்பைத் தடுக்கும். போதையில் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். எழுப்பினால் எழவில்லை, உடம்பு வியர்த்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள், மெஷின் இல்லை என்றால் நேராக அரசு மருத்துவமனைக்கு.